அரைப் பக்க மிளகாய்த்தூள்

வாஷிங் மெஷின் ஆடாமல் இருக்க ஒரு காலுக்குக் கீழே புத்தகம் ஒன்று வைத்திருந்தேன். போன சனிக்கிழமை இழுத்துப் பார்த்தேன். நியூசிலாந்தில், இந்த ஒக்லாந்து நகரத்துத் தமிழ் ஆட்களின் கடை, தொழில், ஃபோன் நம்பர் எல்லாம் போட்ட பழைய விளம்பரப் புத்தகம். முதல் பக்கத்தில் பிள்ளையார். ஈர மணம். எனக்கு மட்டும் வறுத்த மிளகாய் மணந்தது.

அதுக்கு விளம்பரம் சேர்த்தவன் நான். கிழமை நாளில் கோழித் தொழிற்சாலை, சனி ஞாயிறு இது. எழுத்து அவ்வளவு வராது. கார் இருந்தது, வேலை தந்தார்கள். அச்சானதும் வீடு வீடாகப் போடுவதும் நான்தான்.

நியூ லின்னில் செல்வமக்கா கராஜுக்குள் தூள் அரைத்து விற்றார். மற்றவர்களுக்கு விளம்பரத்துக்கு ஒரு சின்னப் பெட்டி போதும். அக்கா அரைப் பக்கம் கேட்டார்.

"உங்களைத் தெரியாத சனம் ஆர் அக்கா இருக்கு?"

"தெரிஞ்ச ஆக்களுக்கில்லை தம்பி."

'ரூபன் மிளகாய்த்தூள்' என்று போடச் சொன்னார். எங்கள் ஆட்கள் கடைக்குப் பிள்ளையின் பேர் வைப்பது வழமைதான். ஆனால் ரூபன் ஒரு வெள்ளைக்காரப் பெண்பிள்ளையை விரும்பி, தாயோடு சண்டை பிடித்து நகரத்தின் மற்றப் பக்கம், பக்குரங்கா போனவன். பிறகு தாயும் மகனும் கதைப்பதில்லை. அக்காவும் வீடு மாறி, நம்பரும் மாறிவிட்டது. அவனுக்கு அது தெரியாது.

"நம்பரைப் பெரிசாப் போடும். அவன்ரை வீட்டிலை ஒண்டு கட்டாயம் குடும். நான் போனால் தோத்த மாதிரி. அவன் எடுக்கட்டும்."

விலாசத்தை ஆரிடமோ கேட்டு வைத்திருந்தார். போனேன். தபால் பெட்டியில் 'விளம்பரம் போடாதீர்கள்' என்று ஸ்டிக்கர். அப்படியான பெட்டியில் நாங்கள் போடுவதில்லை. காருக்குள் கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு கதவைத் தட்டினேன்.

ரூபன் வந்தான்.

"எங்களுக்கு வேண்டாம் அண்ணை. ஸ்டிக்கர் பாக்கேல்லையோ?"

"பாத்தனான். அதுதான் கையிலை தாறன்."

சிரித்துவிட்டு வாங்கினான். நான் வந்துவிட்டேன்.

அடுத்த வருசம் விளம்பரம் கேட்க அக்காவிடம் போனேன். கராஜுக்குள் ஒரு வெள்ளைப் பிள்ளை தும்மித் தும்மித் தூளைப் பையில் போட்டுக்கொண்டு நின்றது.

"இந்த வருசம் வேண்டாம் தம்பி," என்றார் அக்கா. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்."

அரைப் பக்கம் போச்சு. சந்தோசமாகக் குடித்தேன்.

இப்போது புத்தகம் அடிப்பதில்லை. விளம்பரமெல்லாம் ஃபோனுக்குள் வருகிறது. நல்லதுதான், எனக்கும் முழங்கால் நோவு. மெஷினுக்குக் கீழே ஒரு பலகைத் துண்டை வைத்துவிட்டேன். ஒருவன் கதவைத் தட்ட அந்த நாளில் கையில் புத்தகம் என்று ஒரு சாட்டு இருந்தது. அது போச்சு.