ஒன்பதாம் ஃபாரம்

மைதா மாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சினால் ஒரு வாடை வரும். புளிப்பும் இல்லை, கசப்பும் இல்லை. இப்போதும் போஸ்டர் ஒட்டுகிறவர் பசை வாளியைத் திறந்தால் எனக்கு ராஜாமணி ஞாபகம் வந்துவிடும். கூடவே கோபமும்...

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சந்துக்குள் அந்த பைண்டிங் ஆபீஸ். தொண்ணூறுகளின் நடுவில் எட்டுப் பெண்கள் அங்கே தாள் மடித்தோம். அச்சாபீசிலிருந்து பெரிய தாளாக வரும், ஒன்றில் பதினாறு பக்கம். மடித்தால் ஒரு ஃபாரம். ஃபாரங்களை வரிசையாக அடுக்கித் தைத்தால் புத்தகம்.

ஒற்றைப்படை ஃபாரம் எங்கள் மேசைக்கு. இரட்டைப்படை எதிர் மேசைக்கு. கலந்துவிடக் கூடாது என்று மேஸ்திரி போட்ட சட்டம்.

எதிர் மேசையில் ராஜாமணி. எட்டாவது வரை படித்தவள். நான் மூன்றாவதோடு சரி.

ஒரு சமயம் ஒரு நாவல் வந்தது. இன்னும் ஐயாயிரம் வருஷம் கழித்து, நட்சத்திரங்களுக்கு நடுவே நடக்கிற கதை. இரண்டு ராஜ்ஜியம், இரண்டு ஒற்றர்கள். இந்தப் பக்கம் தாரகை, அந்தப் பக்கம் இமயன். ஒரு வரைபடத்துக்காக ஒருத்தரை ஒருத்தர் ஏமாற்றுகிறார்கள். தாரகை எதிரியின் விண்கப்பலில் சமையல்காரியாகப் போய்ச் சேருகிறாள். ஐயாயிரம் வருஷம் ஆனாலும் பொம்பளை அடுப்படி வழியாகத்தான் நுழைய வேண்டும் போலிருக்கிறது.

மதியம் சோற்றுப் போசியைத் திறந்து வைத்துக்கொண்டு, வேஸ்ட் தாளில் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். நானாகப் படித்த முதல் கதை அதுதான். ஆனால் எனக்குக் கிடைத்தது பாதிக் கதை. மீதி எதிர் மேசையில்.

"அக்கா, உங்க மூணாம் ஃபாரத்துல என்னாச்சுங்க?"

"நீ மொதல்ல ரெண்டச் சொல்லு புள்ள. போன தடவ நாந்தான் மொதல்ல சொன்னேன்."

அந்த ஒற்றர்கள் எங்களிடம் தொழில் படிக்க வேண்டும்.

எட்டாம் ஃபாரம் வந்த அன்று ராஜாமணி முகம் தொங்கிப்போய் வந்தாள்.

"தாரகை போயிட்டாளுங்கக்கா... மூச்சு விடற குப்பியப் புடுங்கிப்போட்டு, கப்பல் கதவத் தொறந்து வெளிய தள்ளிப்போட்டான், அந்த இமயன் பாவி."

போசியை மூடி வைத்தேன். குழாயடியில் நின்று அழுதேன். ஒரு காகிதப் பெண்ணுக்காக! அதை ராஜாமணியிடம் மட்டும் சொன்னேன்.

"யாருகிட்டயும் சொல்லிப்போடாத புள்ள."

"சொல்லுவனுங்களாக்கா?"

ஒன்பதாம் ஃபாரம் அச்சாகி வர நாலு நாள் தாமதம். நாலாம் நாள், கதையை எழுதியவரே அட்டை பார்க்க வந்தார். ஏதோ மில் ஆபீசில் வேலை பார்க்கிறவர், கையில் குடை. நான் எழுந்து நின்று கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க, அந்தப் புள்ளைய எதுக்குங்க கொன்னுபோட்டீங்க?"

"யாருங்க அம்மணி செத்துப் போச்சுன்னு சொன்னது? கடைசி ஃபாரத்தப் படிக்காம சண்டைக்கு வாரீங்களே!"

எல்லோரும் சிரித்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. ராஜாமணி வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்:

"அக்கா நாலு நாளா எழவு காத்தாங்க சார்! கொழாயடில ஒப்பாரி!"

மேஸ்திரி சிரித்தார். பசை காய்ச்சுகிற கிழவர் சிரித்தார். நான் என் மேசையில் உட்கார்ந்து தாளை மடித்தேன்.

மறுநாள் ஒன்பதாம் ஃபாரம் எங்கள் மேசைக்கு வந்தது. பக்க எண்ணை மட்டும் பார்த்து மடித்தேன். ஒரு வரி படிக்கவில்லை. ராஜாமணி இரண்டு தரம் வந்து நின்றாள். நான் தலையைத் தூக்கவில்லை. அந்தச் சனிக்கிழமையோடு அவள் நின்றுவிட்டாள். வீட்டுக்காரருக்குப் பெருந்துறை கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. கிளம்பும்போது "வாரனுங்கக்கா" என்றாள். நான் தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அட்டை கோணலான பிரதி ஒன்றை மேஸ்திரி எனக்குக் கொடுத்தார். டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டேன்.

போன மாதம் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் பெட்டியைக் காலி செய்தபோது கையில் வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்றாம் ஃபாரத்திலிருந்து ஒன்பது வரை படித்தேன். நாலு நாள் ஆனது.

இமயன் பிடுங்கினானே ஒரு குப்பி... அது தாரகையின் சொந்த ஆட்களே விஷம் கலந்து கொடுத்து அனுப்பியது. தள்ளும்போது அவள் முதுகில் வேறொரு குப்பியை மாட்டிவிட்டிருக்கிறான். அது அவனுடையது.

ஆக, எட்டாம் ஃபாரத்தோடு நிறுத்தினால் அவள் செத்தவள்தான். ராஜாமணி என்னிடம் பொய் சொல்லவில்லை. ஆனால் குழாயடியைச் சொன்னாளே... அது வேறு.

எங்கள் வீதியில் அவள் தங்கை மகள் இருக்கிறாள். நம்பர் வாங்கி போன் போட்டேன்.

"யாருங்க?"

"ஒம்போதாம் ஃபாரம் பேசறேன்."



"அக்கா! ஏனுங்கக்கா... அந்தப் புள்ள எப்படிங்க பொழச்சா?"

"எழவு காத்தவகிட்டயா கேக்கற?"

"அத இன்னும் மனசுல வெச்சிருக்கீங்களாக்கா?"

"வேற எங்க வெக்கறது? நாளைக்குச் சொல்றேன்." வைத்துவிட்டேன்.

பதினொரு நாளாகிறது. மதியம் சோற்று நேரத்துக்கு அவளே கூப்பிடுகிறாள். ஒன்றாம் ஃபாரத்திலிருந்து ஆரம்பித்தேன். இரட்டைப்படையெல்லாம் அவள் சொல்கிறாள், முக்கால்வாசி தப்பாக. புத்தகம் என் மடியில்தான் இருக்கிறது. திருத்துவதில்லை. இன்றைக்கு ஐந்தில் நிற்கிறோம்.

பேத்தி சொல்கிறாள், "கடைசிப் பக்கத்த போட்டோ எடுத்து அனுப்பிரலாம் அமுச்சி. ஒரு நிமிசம்."

இப்போது எல்லோர் கையிலும் முழுப் புத்தகம் இருக்கிறது. எதிர் மேசைக்குப் போய்க் கேட்க வேண்டியதில்லை. அன்றைக்கு எங்களில் யாரிடமும் முழுசாக இல்லை...

இதைப் படிக்கிற யாரும் பெருந்துறைப் பக்கம் போனால் வாயைத் திறந்துவிடாதீர்கள். ஒன்பது என் மேசைக்கு வந்த ஃபாரம்.