வெந்நீரில் முக்கிய மாசிப்பச்சை

செட்டிகுளத்துக்குத் தெற்கே மாசிப்பச்சை என்றால் கமலவேணிதான். மலைக்கோயிலுக்குப் போகிற மாலைகளில் பூவுக்கு நடுநடுவே அவள் வயல் கொத்துதான் இருக்கும். மேலே கரும்பச்சை, திருப்பினால் அடியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போன்ற இலை. தொட்ட கை சாயந்தரம் வரை மணக்கும். வேர்க்கன்றை ஒருமுறை ஊன்றிவிட்டால் வருஷக்கணக்கில் அறுக்கலாம். தண்ணீர் தேங்கக் கூடாது, பூ விடுமுன் அறுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். மக்காச்சோளம் போட்டுப் படைப்புழுவோடு மல்லுக்கட்டுகிறவர்கள் அவளைப் பார்த்து வயிறெரிந்தார்கள். எரியட்டும், அவளுக்கென்ன?

ஏழு வருஷத்துக்கு முன், தங்கை கொளஞ்சியின் புருஷன் லாரி விபத்தில் செத்துப்போனான். காரியம் முடிந்த மாதமே கொளஞ்சி அக்கா வீட்டுக்கு வந்து நின்றாள்.

“எனக்கும் முப்பது கன்னு குடுக்கா. இருக்கற கால் காணியில வெச்சுப் பொழச்சுக்கறேன்.”

கூடப்பிறந்தவளிடம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கொடுக்க மனசும் வரவில்லை. ஊரில் இருப்பதே இரண்டு மாலைக்கடை, அதில் இவளும் பங்குக்கு வந்தால்? கமலவேணி கன்றுகளைப் பிடுங்கினாள். அடுப்படிக்குக் கொண்டுபோய், வேரைக் கொதிக்கிற வெந்நீரில் ஒரு முக்கு முக்கி, ஈரச்சாக்கில் சுற்றித் தங்கையிடம் நீட்டினாள். பாவி, அதோடு விட்டாளா? “இதுக்குக் கைராசி வேணும்டி, பாத்து வை” என்று வேறு சொல்லி அனுப்பினாள்.

ஒரு கன்றும் துளிர்க்கவில்லை. தாலி இழந்தவள் நட்டது எப்படித் துளிர்க்கும் என்று ஊர் பேசியது. அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊர் வாய் அடைத்திருக்கும். கமலவேணி சொல்லவில்லை. கொளஞ்சி ஊர் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள். அதற்குப் பிறகு வெங்காயம்கூட நடவில்லை. நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாள். இங்கே கமலவேணிக்குக் கொத்து அறுக்கக் குனியும்போதெல்லாம் அந்த வெந்நீர்ப் பானை கண்ணில் வந்து நின்றது. சொல்லிவிடலாம், அடுத்த தடவை வரும்போது சொல்லிவிடலாம் என்றே ஏழு வருஷத்தை ஓட்டிவிட்டாள்.

இந்தப் பொங்கலுக்குக் கொளஞ்சி வந்திருந்தாள். கமலவேணியின் மகள் ஆர்த்தி, கிணற்றடியில் குழி தோண்டி, தென்னங்கன்றைச் சித்தியிடம் நீட்டினாள். கொளஞ்சி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சிரித்தாள்.

“வேணாம்டி. என் கை பட்டா எதுவும் தங்காது.”

அந்தச் சிரிப்பைக் கமலவேணியால் தாங்க முடியவில்லை. கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்து, வெந்நீரில் முக்கியது முதல் ஒன்று விடாமல் சொல்லி அழுதாள்.

கொளஞ்சி மெதுவாகச் சொன்னாள்.

“மூணு மாசம் அதுக்குக் கொடத்துல தண்ணி சுமந்து ஊத்துனேன்க்கா.”

கமலவேணி வயலுக்கு ஓடினாள். வேரில் மண் உதிராமல் நல்ல கன்றாகப் பார்த்துப் பெயர்த்து, முந்தானையில் ஏந்திக்கொண்டு வந்தாள்.

“இந்தா, எடுத்துட்டுப் போடி. அத்தனையும் துளிர்க்கும். உன் கைக்கு ஒரு கொறையும் இல்ல.”

கொளஞ்சி கன்றுகளை ஒருமுறை தடவிப் பார்த்தாள். வாங்கிக்கொள்ளவில்லை.

“எங்கக்கா நட? இருக்கறது வாடகை வூடு, மூணாவது மாடி” என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று பையை எடுத்துக்கொண்டாள்.