தேங்காய் எண்ணெய் பூசிய மலைச் சைக்கிள்

மகன் விரும்பின பெண்ணின் வீட்டுக்கு முதன்முதலாகப் போவதென்றால் எங்கள் ஆட்கள் தட்டத்தில் பழமும் பலகாரமும் வைத்துக்கொண்டு போவார்கள். நாங்கள் அவற்றோடு ஒரு சைக்கிளையும் கொண்டு போனோம். அதுவும் காடு மேடெல்லாம் ஓடுகிற, தடித்த சில்லுப் போட்ட மலைச் சைக்கிள். இங்கே அதற்கு வே-தே-தே என்று பெயர்.

நான் பாரிசில், லா ஷப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்கிறேன். வெண்டிக்காயை முறித்துப் பார்க்கிற நேரத்தில் சனம் சொல்லிவிட்டுப் போகிற கதைகள்தான் என் பள்ளிக்கூடம். சைக்கிள் விஷயத்தை வாய் தவறி ஒருத்தியிடம் சொன்னேன். மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

"சைக்கிளிலை போய்ச் சம்பந்தம் பேசின முதல் ஆள் உன்ரை மனிசன்தானடி," என்றார் வாழைப்பூ வாங்க வந்த ஒரு அக்கா.

"பொம்பிளை வீடு இருக்கிற வடக்கிலை மலை எங்கையக்கா கிடக்கு? மழைதான் கிடக்கு," என்றான் பெட்டி இறக்கிக்கொண்டு நின்றவன்.

எனக்கும் சிரிப்புத்தான். ஆனால் இந்தச் சைக்கிள் வருவதற்கு முன் வீட்டில் நிலைமை சிரிக்கிற மாதிரி இருக்கவில்லை. மகனும் அந்தப் பிரெஞ்சுப் பிள்ளையும் மேரியில், அதுதான் நகரசபையில், கலியாணம் எழுதுவதற்கு நாள் கேட்கக் காத்திருந்தார்கள். அப்பா ஓம் என்று சொல்லாமல் கேட்க மாட்டேன் என்று மகன் நின்றான். அப்பா என்றால் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கேட்டால் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டுவார்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் விடவில்லை. "என்னப்பா, அந்தப் பிள்ளையிலை என்ன குறை கண்டனீங்கள்?"

"அவளிலை ஒரு குறையும் இல்லை. தங்கமான பிள்ளை."

"பிறகென்ன?"

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "அவளின்ரை தேப்பன்காரனோடை நான் என்னத்தையப்பா கதைக்கிறது? என்ரை பிரெஞ்சு குசினிப் பிரெஞ்சு. சொந்தப் பிள்ளையின்ரை கலியாணத்திலை ஒரு மூலையிலை பொம்மை மாதிரிச் சிரிச்சுக்கொண்டு நிக்கச் சொல்லுறீரோ?"

அதுதான் விஷயம். அவர் ஆர்ஜொந்தெய் பக்கம் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் நெடுங்காலமாகச் சமைக்கிறார். சூடு, உப்பு, கெதியாய், மெதுவாய், இடது, வலது, கவனம்: அவருடைய பிரெஞ்சு அவ்வளவும் அடுப்படியில் கத்திப் பழகினது. அதை வைத்துக்கொண்டு சட்டி இறக்கலாம், சம்பந்தம் பேசலாமா என்று அவருக்குப் பயம். கடிதம் வந்தால் மகன் வாசிப்பான், டொக்டரிடம் போனால் நான் கதைப்பேன். இப்படியே காலம் போய்விட்டது.

இந்த நேரத்தில்தான் பெண்ணின் தகப்பன் மகள் மூலம் ஒரு சேதி அனுப்பினார். அவருக்கு மேசையில் எதிரெதிரே இருந்து பேசுவது பிடிக்காதாம். அவர்கள் வீடு சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கில், பாரிசுக்கு வடக்கே. வாருங்கள், ஊரைச் சுற்றி ஒரு வட்டம் சைக்கிள் ஓடிவிட்டுச் சாப்பிடுவோம் என்று சொல்லியிருந்தார்.

என் கணவர் அன்றைக்குத்தான் முதல்தரம் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார். "சைக்கிளோ? சைக்கிளெண்டால் ஓடலாம்," என்றார். மகனைப் பார்த்து இன்னொன்றும் சொன்னார்: "போட்டு வந்து என்ரை பதிலைச் சொல்லுறன்."

கூசேன்விலில் இருக்கிற, விமான நிலையத்தில் வேலை செய்கிற என் தம்பி முறையான ஒருவனிடம் மலைச் சைக்கிள் இருந்தது. அவன் கொண்டுவந்து தந்தான். எனக்குப் பெண்ணின் தாய் தன்னுடைய பழைய மின்சாரச் சைக்கிளைத் தருவதாகச் சொல்லியிருந்தார். என் கணவர் மலைச் சைக்கிளைப் பாரிசிலேயே இருக்கிற ஸ்டாலின்கிராட் சதுக்கம் வரைக்கும் உருட்டிக்கொண்டு போய், கால்வாய்க் கரையில் ஓடிப் பார்த்துவிட்டு வந்தார். "பிரேக் எண்டால் பிரேக்! தொட்டவுடனை நிக்குது. குதிரை மாதிரி," என்று ஒரே சந்தோஷப் புளுகம்.

அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. சனிக்கிழமை பின்னேரம் நான் கடையால் வந்து கதவைத் திறக்க, வீடு முழுக்கத் தலைக்கு எண்ணெய் வைத்த வாசம். நடு அறையில் பேப்பர் விரித்து, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பழைய சாரத் துண்டால் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தேங்காய் எண்ணெய்ப் போத்தல்.

"என்னப்பா செய்யிறியள்?"

"ஊத்தைச் சைக்கிளோடை போய் அந்தாளின்ரை முகத்திலை முழிக்கிறதோ? இஞ்சை பாரும், முகம் பாக்கலாம்."

உண்மைதான், கம்பியெல்லாம் மினுங்கியது. ஒவ்வொரு சில்லின் நடுவிலும் ஒரு வட்டத் தகடு இருந்தது. அந்தத் தகடுகள் வெள்ளித் தட்டம் மாதிரி மினுங்கின. நானும் வடிவாய்த்தான் இருக்கு என்றேன். யாழ்ப்பாணத்தில் சைக்கிள் துடைப்பதென்றால் எல்லோருக்கும் அதுதான் முறை. அந்தச் சைக்கிள்களில் பிரேக் கட்டை சில்லின் விளிம்பைப் பிடிக்கும். நடுவில் எவ்வளவு எண்ணெய் பூசினாலும் ஒன்றும் ஆகாது. இந்தச் சைக்கிளில் அந்த நடுத்தகடுதான் பிரேக் என்று எங்கள் இருவருக்கும் யார் சொன்னார்கள்?

ஞாயிறு காலை பாரிசின் வடக்கு ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். என் மடியில் பலகாரத் தட்டம், அவர் கையில் சைக்கிள். மகன் முதல்நாளே போய்விட்டான். ரயிலில் இவர் சைக்கிளின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே வந்தார்.

அவர்கள் ஊர் ஸ்டேஷனில் பெண்ணின் தகப்பன் வான் கொண்டுவந்து நின்றார். நெடுவல் மனிதர், கையெல்லாம் கீறல். "பொன்ஜூர்" என்றார். இவரும் "பொன்ஜூர்" என்றார். அதோடு இரண்டு பேருக்கும் சரக்கு முடிந்துவிட்டது. வீடு போகும்வரை வானின் என்ஜின் மட்டும்தான் பேசியது.

பிள்ளைகள் சமைப்பதற்கு வீட்டில் நின்றார்கள். பெற்றவர்கள் நாலு பேரும் புறப்பட்டோம். அங்கே சைக்கிள் பாதைகளுக்கு வழி சொல்ல மரத்திலும் தூணிலும் சின்னப் பலகை அடித்திருக்கிறார்கள். ஒரு முக்கோணம், அதோடு இரண்டு வட்டம். பச்சை என்றால் லேசு, நீலம் அதற்கு மேல், பிறகு சிவப்பு, கறுப்பு. நாங்கள் போனது நீலம்.

முதலில் வயல்வெளி. சீனி எடுக்கிற பீற்றூட் தோட்டம் வானம் முட்டக் கிடந்தது. சுண்ணாம்புப் பாதை, இரவு மழையில் வெள்ளைக் களியாக ஒட்டியது. எனக்கு மின்சாரம் தள்ளிவிட, நான் மகாராணி மாதிரிப் போனேன். பெண்ணின் தாய் என் பக்கத்தில் வந்து, தன் மனிதரைக் காட்டிக் காதுக்குள் சொன்னார்: "இவர் நேற்று இரவு நித்திரை கொள்ளவில்லை. உங்கள் கணவரோடு என்ன பேசுவது என்று தெரியாதாம்." நான் பிரேக் பிடிக்காமலே நின்றுவிடப் பார்த்தேன். அட, அந்தப் பக்கமும் அதே வியாதியா? என் மனிதரும் பேச மாட்டார் என்று நானும் சொன்னேன்.

முன்னால் போன இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் மிதித்துக்கொண்டிருந்தார்கள். இவருடைய சைக்கிள் மட்டும் இடைக்கிடை ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தியது.

"என்னப்பா சத்தம்?" என்று கூப்பிட்டுக் கேட்டேன்.

"நல்ல சாமானெண்டால் கத்தும்!" என்றார்.

பிறகு காடு. பீச் என்கிற உயர்ந்த காட்டு மரங்கள், காலுக்குக் கீழே பழைய இலை, ஈரமான வேர். பாதை ஒடுங்கி, ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டியதாயிற்று. முன்னால் போன அந்த மனிதர் வேர் வந்தால் "கவனம்" என்பார், வளைவு வந்தால் "இடது", "வலது" என்பார், சறுக்கினால் "மெதுவாய்" என்பார். இவர் ஒவ்வொன்றுக்கும் "உய்" என்று பதில் கொடுத்தார். பிரெஞ்சில் ஓம் என்பதற்கு அதுதான். வேலையிடத்தில் பெரிய சமையற்காரருக்குச் சொல்கிற அதே உரத்த "உய்". ஒரு இடத்தில் சரிந்து கிடந்த மரத்தை இவர் முதலில் கண்டு "கவனம், வலது!" என்று கத்தினார். அந்த மனிதர் "உய்!" என்றார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

காடு முடிகிற இடத்தில் நிலம் கீழே இறங்கியது. கீழே சதுப்பு நிலம். நாணல், பொப்ளர் மரங்கள், குளம் குளமாய்க் கறுத்த தண்ணி, அதற்கு மேலால் போகிற ஒரு மரப்பலகைப் பாதை. அந்த மனிதர் மெதுவாக இறங்கினார். இவரும் பின்னாலே இறங்கினார். இறங்கினவர் நிற்கவில்லை. ஆட்டுக்குட்டி பெரிய ஆடாகிக் கத்தியதே தவிர, சில்லு நிற்கிற எண்ணமே இல்லை.

"பிரேக் பிடியுங்கோ!"

"பிடிச்சுக்கொண்டுதானப்பா போறன்!"

அடுத்த நொடி காடு அதிர ஒரு குரல் கேட்டது: "ஷோ தெவான்!"

உணவகக் குசினிகளில் கொதிக்கிற சட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவன் போடுகிற சத்தம் அது. சூடு வருது, விலகு என்று அர்த்தம்; பிரெஞ்சுக்காரர் எவருக்கும் அது விளங்கும். முன்னால் போனவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சைக்கிளோடு சேர்ந்து பற்றைக்குள் பாய்ந்தார். அவர் விட்ட இடத்தால் என் மனிதர் பறந்து போய், பலகைப் பாதையில் ஏறி, வளைவில் பாதை ஒரு பக்கம் திரும்ப, இவர் நேராகப் போய் நாணலுக்குள் விழுந்தார்.

நாங்கள் ஓடிப்போனபோது தொடை வரைக்கும் கறுத்த சேற்றில் நின்றார். கண்ணும் பல்லும்தான் தெரிந்தது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எல்லாம் முடிந்தது, இனி இந்த மனிதர் ஓமும் சொல்ல மாட்டார், இந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்க மாட்டார் என்று நினைத்தேன்.

அந்த நெடுவல் மனிதர் சப்பாத்தையும் கழற்றாமல் சேற்றுக்குள் இறங்கினார். ஒரு கையால் இவரைப் பிடித்தார், மறுகையால் சைக்கிளைத் தூக்கினார். ஏறினபிறகு முன்சில்லுத் தகட்டை விரலால் தொட்டு, மூக்கில் வைத்துப் பார்த்தார். முகம் ஒருமாதிரிப் போயிற்று. இன்னொருதரம் மணந்து பார்த்தார்.

"தேங்காய்?" என்றார்.

"தேங்காய்," என்றார் இவர், தலையைக் குனிந்துகொண்டு. "மினுங்குவதற்கு. உங்களுக்காக."

அந்த மனிதர் சிரிக்கத் தொடங்கினார். சத்தமே வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. பிறகு தகட்டையும் அதைப் பிடிக்கிற கட்டையையும் காட்டி, எண்ணெய் பட்டால் கட்டை இனி உதவாது என்று கையால் விளக்கினார். தன் சைக்கிளிலும் ஏறவில்லை. "நடப்போம்," என்றார்.

அப்படித்தான் மிச்சப் பாதை முழுக்க அவர்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னால் நடக்க, நாங்கள் பெண்கள் இருவரும் பின்னால் போனோம். சேற்றுத் தண்ணி சொட்டச் சொட்ட நடந்தார்கள். ஒரு குளத்தைக் காட்டி அந்த மனிதர் விலாங்கு என்றார். அவ்வளவுதான், என் மனிதருக்கு வாய் திறந்துவிட்டது. விலாங்கை எப்படி உரிக்கிறது, எந்தச் சட்டியில், எவ்வளவு சூட்டில், வைன் எப்போது விடுகிறது, உப்பு எப்போது போடுகிறது? அவருடைய குசினிப் பிரெஞ்சு அத்தனையும் வரிசையாக வந்தது. அந்த மனிதர் நடுவில் மறித்து, தன் தாய் புளிப்புக் கீரை போடுவார் என்றார். இவர் சைக்கிளை நிறுத்திவிட்டு, கூடாது, கீரை கடைசியில்தான் என்று கையை விசுக்கி வாதாடினார். வாதாடினார்! நாணலுக்குள் இருந்து ஒரு கொக்கு பயந்து எழும்பியது.

"உங்கள் கணவர் பேச மாட்டார் என்றீர்களே," என்றார் பெண்ணின் தாய்.

"உங்களுடையவரும்தான்," என்றேன்.

வீட்டு வாசலில் மகனும் அந்தப் பிள்ளையும் நின்றார்கள். தகப்பனைக் கண்டதும் மகனுக்கு முகம் வெளிறிவிட்டது. தலையிலிருந்து கால்வரை கறுப்பு, பிரேக் இல்லாத சைக்கிள், பின்னால் வருகிற அம்மா. பாவம், என்ன நினைத்தானோ!

"அப்பா, என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை. முதல் எனக்கொரு களிசான் தரச் சொல்லு. பிறகு நாள் பாப்பம்."

இங்கே பிறந்த பிள்ளைக்கு அது விளங்கவில்லை. என்னைப் பார்த்து முழித்தான். பக்கத்தில் அந்தப் பிள்ளை அவன் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன சொல்கிறார், என்ன சொல்கிறார் என்று பிரெஞ்சில் கேட்டபடி நின்றாள்.

"கலியாணத்துக்கு நாள் பாப்பம் எண்டு சொல்லுறார், மோனை," என்றேன். அவளுக்கும் பிரெஞ்சில் சொன்னேன்.

அவள் அந்தச் சேறோடு அவரைக் கட்டிப்பிடித்துவிட்டாள். அவர் கை இரண்டையும் அகல விரித்துக்கொண்டு, "உடுப்பு, பிள்ளை, உடுப்பு!" என்று தமிழிலேயே கத்தினார்.

பெண்ணின் தகப்பன் உள்ளே போய்த் தன் களிசான் ஒன்றைக் கொண்டுவந்தார். காலை மடித்து மடித்து விட்டும் நிலத்தில் இழுபட்டது. இவர் அதை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேரே குசினிக்குள் போனார், அடுப்பில் பிள்ளைகள் என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க.