அடுக்கைத் தூக்கிப் பார்ப்பவர்

எழுபதுகளின் கடைசியில், பாலாநகர் தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் எனக்குப் பக்கத்து மேஜைக்காரர் அவர். நான் சொல்லப்போகும் நாளின் தேதியை என் நாட்குறிப்பில் மழைநீர் அழித்துவிட்டது. செவ்வாய்க்கிழமை என்பது மட்டும் நிச்சயம். ஒல்லியான ஆள், சட்டைப்பையில் எப்போதும் மூன்று பென்சில்கள். கேண்டீனில் டிபன் கேரியரின் மேலடுக்கைத் தூக்கி, அடியில் இருப்பதைப் பார்த்து, திரும்ப வைத்த பிறகுதான் சாப்பிடத் தொடங்குவார்.

அன்று மூன்று மணிக்குக் கணினியில் என் முறை. தவறினால் அடுத்த வாரம்தான். நான் எழுதிய மேக்ரோ என்ற சிறு நிரல், உதிரிபாகப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே போய், அடுத்த கட்டளைச் சொல் வந்ததும் நிற்க வேண்டும். நின்றது. ஆனால் நிற்பதற்காக வாசித்த அந்தக் கட்டளை தொலைந்துபோனது. சாப்பாட்டு வேளையில் அவரிடம் புலம்பினேன்.

"பார்க்கிறதுக்குன்னு எடுத்து முழுங்கிடறீங்க சார்," என்றார். "பார்த்த சொல்லை ஓரமா வைங்க. அடுத்த தடவை வாசிக்கிறப்போ முதல்ல அங்கே தேடச் சொல்லுங்க."

நான்கு வரி சேர்த்தேன். மூன்று மணிக்குச் சரியாக ஓடியது.

மறுநாள் கேண்டீனில் கேட்டேன்: "ரெண்டு சொல் முன்னாடியே பார்த்தா இன்னும் நல்லதில்லையா?"

"நக்கோ சார், வேணாம். எங்கே நிறுத்தணும்னு தெரிய ஒண்ணு போதும்."

அவருடையது மூன்றடுக்குக் கேரியர். அன்று மேலடுக்கில் உப்புமா. தூக்கிப் பார்த்தார், அடியிலும் உப்புமா. திரும்ப வைத்துவிட்டு நிதானமாகச் சாப்பிடத் தொடங்கினார். மூன்றாவதில் என்ன என்று எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.