சேவையர் சிவகுருநாதனின் மணப் புத்தகம்

சிவகுருநாதன் அண்ணையின் மைத்துனர் துரைராசா நல்லூரில் என் வீட்டுப் படலைக்கு வெளியே சைக்கிளை விட்டு இறங்கியபோது நான் முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். அவர் வல்வெட்டித்துறைக் கடலோடி. சத்தமாகக் கதைக்கிற மனிதர். அன்று படலையைப் பிடித்துக்கொண்டு, "அத்தான் மோசம் போயிட்டார்" என்று மெதுவாகச் சொன்னார். பாதி முகத்தில் நுரையோடு நின்ற நான் அவரிடம் கேட்டது, எந்த அத்தான் என்று. அவருக்கு இருந்தது ஒரே ஒரு அத்தான். முதல் நாள் பின்னேரம் நில அளவைக் கந்தோரில் என் பக்கத்து மேசையில் இருந்து பென்சில் சீவியவர், விடியற்காலை மழைத்தண்ணீர்ப் பீப்பாவின் அருகே வாளியோடு விழுந்து உயிர் போய்க் கிடந்தாராம். ஐம்பத்திரண்டு வயது. ஒரு நாள் காய்ச்சல் என்று லீவு போட்டவரல்ல. அவருடைய ஊரான பண்டத்தரிப்புக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பது இன்றுவரை நினைவில்லை. செத்தவீட்டில் யாரோ துவாய் தந்து கன்னத்தைத் துடைக்கச் சொன்னார்கள். சோப்பு காய்ந்து கிடந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிடும் நினைவு மலருக்கு நாலு வரி எழுதித் தரும்படி வீட்டார் கேட்டார்கள். நேர்மையான நில அளவையாளர், நல்ல குடும்பத்தலைவர் என்று எழுதலாம். அது உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததே. பதினெட்டு வருடம் பக்கத்து மேசையில் இருந்தும் எனக்குத் தெரியாமல் போனதை எழுதுகிறேன்.

அவர் வீட்டு ஓர்க்கிட் கொட்டிலை அறியாதவர் ஊரில் இல்லை. கிடுகு வேய்ந்த நிழலில், தென்னம் மட்டைகளிலும் பனங்குற்றிகளிலும் கட்டிய காட்டுச் செடிகள். வன்னியில் அளவைக்குப் போன இடங்களில், காடு வெட்டும்போது விழுந்த மரங்களிலிருந்து சாக்கில் போட்டுக் கொண்டுவந்தவை. நமது கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு இலையில் வெள்ளையாகப் படியும் என்று மாரி மழையைப் பீப்பாக்களில் பிடித்து, வருடம் முழுவதும் சிரட்டையால் அளந்து ஊற்றுவார். அயலில் புகையிலை செய்கிறவர்கள், சேவையர் காசு செலவழித்துக் குருவிச்சை வளர்க்கிறார் என்று சிரிப்பார்கள். மரத்தை உறிஞ்சுவதுதான் குருவிச்சை, இது மரத்தில் குடியிருப்பது மட்டும் என்று அவர் ஒவ்வொருவருக்கும் பொறுமையாக விளங்கப்படுத்துவார். யாரும் கேட்டதில்லை. மாங்குளத்தடியில் ஜீப் புரண்டு தலையில் அடிபட்ட பிறகுதான் அவருக்கு இந்த விசர் தொடங்கியது என்று கந்தோரில் பகிடி விட்டவர்களில் நானும் ஒருவன்.

அவருக்கு மணமுள்ள இனங்கள்தான் வேண்டும். பூ விரிந்ததும் ஆள் அனுப்புவார். போனால் முதலில் தேத்தண்ணி கிடையாது. கண்ணை மூடச் சொல்லி, "மணந்து பாரும் ஐசே. என்ன மாதிரிக் கிடக்கு?" என்பார். சொன்னதை அளவைப் புத்தகம் ஒன்றில் மையால் எழுதி, பக்கத்தில் நம்மைச் சுருக்கொப்பம் வைக்கச் சொல்வார். ஒரு செடிக்கு இரண்டு பேராவது தனித்தனியே சொல்ல வேண்டும். வண்டா என்ற சாம்பல் நிற ஓர்க்கிட்டுக்குத் துரைராசா, கூறைப்பெட்டியைத் திறந்த மாதிரி என்றார். அதைக் கேட்டு அண்ணை ஒரு கிழமை சந்தோசமாகத் திரிந்தார். இன்னொரு செடிக்கு ஐயர் ஒருவர் தயங்கித் தயங்கி, கருவாடு என்றார். அதையும் அப்படியே எழுதி ஐயரிடம் ஒப்பம் வாங்கினார். நம்மை வைத்து விளையாடுகிறார், விடை அவருக்கு முன்னமே தெரியும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

மூன்று வருடங்களுக்கு முன் அந்த மஞ்சள் பூ விரிந்தது. இலையும் பூவும் அச்சாக ஒன்றுபோல இருக்கும் இரண்டு இனங்கள் உண்டாம். ஒன்றுக்கு மணம் உண்டு, மற்றதற்கு இல்லை என்று அவருடைய பழைய ஆங்கிலப் புத்தகம் சொன்னது. அன்று எனக்குக் கடும் தடிமன். மூக்கில் ஒரு மணமும் ஏறவில்லை. அதைச் சொன்னால் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை இவ்வளவு தூரம் பஸ்ஸில் வரவேண்டுமே என்ற பஞ்சியில், "எலுமிச்சந்தோல் மாதிரி" என்று வாயில் வந்ததைச் சொல்லி ஒப்பமும் வைத்தேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தும் நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணையின் மனைவி மனோன்மணி அக்கா அன்று தாய் வீட்டுக்குப் போயிருந்தார். இரண்டாவது மூக்கு வந்து சேர்வதற்குள், பின்னேரமே பக்கத்து வீட்டு ஆடு பூவைத் தின்றுவிட்டது. மறுநாள் அதைக் கேட்டு நான் வயிறு நோகச் சிரித்தேன். பொய் தப்பிவிட்டதே என்ற ஆறுதலும் அதில் இருந்தது.

அந்தச் செடிக்கு மட்டும் அவர் பெயர்த்தகடு தொங்கவிடவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "ஒருக்கா அளந்ததைப் பிளானிலை ஏத்தக் கூடாது ஐசே. திரும்பப் பூக்கட்டும்" என்றார்.

எட்டாம் நாள் எட்டுச்செலவுச் சடங்கு முடிந்து எல்லோரும் போன பிறகு மனோன்மணி அக்கா என்னைக் கொட்டிலுக்குக் கூப்பிட்டார். மஞ்சள் ஓர்க்கிட்டில் ஒரு மொட்டுக்காம்பு நீண்டிருந்தது. அது விரிந்ததும் நான் வந்து மணம் சொல்ல வேண்டும் என்றார். அண்ணை இல்லாமல் இனி யாருக்கு என்று நான் சலித்துக்கொண்டேன். அக்கா என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"தம்பி, அவருக்கு மணமே தெரியாது. ஜீப் பிரண்ட நாளிலையிருந்து ஒண்டும் தெரியாது. அண்டைக்கு இவரைத் தூக்கி ஒரு மரத்துக்குக் கீழை கிடத்தினவங்களாம். மேலை ஏதோ பூ மணக்குது எண்டு எல்லாரும் கதைச்சாங்களாம். இவருக்கு மட்டும் ஒண்டும் வரேல்லை. அந்த மரத்துச் செடியைத்தான் முதல் முதல் கொண்டந்தவர்."

பக்கத்தில் இருந்த பீப்பாவைப் பிடித்துக்கொண்டேன். அடுப்படியில் சோறு அடிப்பிடிக்க, பக்கத்தில் இருந்து பேப்பர் வாசித்தவரைக் கண்டுதான் அக்காவே அறிந்தாராம். ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று அண்ணை அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அவர் விளையாடவில்லை. எங்கள் மூக்குகளைத் தவிர அவருக்கு வேறு மூக்கு இருக்கவில்லை. கண் தெரியாதவனுக்கு வழி பிழையாகச் சொன்னவன்போல நான் அந்தக் கொட்டிலில் நின்றேன்.

அக்கா புத்தகத்தைக் கையில் தந்தார். என் வரியைத் தேடினேன். 'எலுமிச்சந்தோல்', பக்கத்தில் என் ஒப்பம். அதன் கீழ் பென்சிலால், அவருடைய சின்ன எழுத்தில்: 'அன்று இவருக்குத் தடிமன். கேட்டால் வெட்கப்படுவார். அடுத்த பூவுக்குக் கூப்பிட வேண்டும்.'

மூன்று வருடம் அவர் அதை மனதில் வைத்துக்கொண்டு, தினமும் பக்கத்து மேசையிலிருந்து என்னோடு சிரித்துக் கதைத்திருக்கிறார்.

பூ சென்ற வெள்ளிக்கிழமை விரிந்தது. விடிய ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, பொழுதுபட ஒருமுறை மணந்து பார்த்தேன். என் மூக்கில் நம்பிக்கையில்லாமல் சுவாமி அறைக்குப் போய்க் கற்பூரத்தை மணந்துவிட்டு வந்து திரும்பவும் பார்த்தேன். ஒரு மணமும் இல்லை. பிறகு அக்காவைத் தனியே அனுப்பினேன். "ஒண்டும் இல்லைத் தம்பி" என்றபடி வந்தார். அத்தனை செடிகளுக்குள், மணமே இல்லாத அந்த ஒன்றை மட்டும் அண்ணை எங்கள் எல்லோரையும்போலவே முழுதாக அறிந்திருக்கிறார். அதை அவருக்குச் சொல்லத்தான் ஆளில்லை.

அளவைப் புத்தகத்தில் பிழையை அழிக்கக்கூடாது, பழையது தெரியும்படி ஒரே கோட்டால் வெட்டிச் சரியானதைப் பக்கத்தில் எழுத வேண்டும் என்பது எங்கள் தொழிலின் விதி. 'எலுமிச்சந்தோல்' என்பதை அப்படியே வெட்டி, 'மணம் இல்லை' என்று எழுதி, நானும் அக்காவும் ஒப்பம் வைத்தோம். தகட்டில் மணமில்லாத இனத்தின் பெயரை எழுதிக் கட்டிவிட்டேன். செடிகள் அக்காவோடு இருக்கின்றன. புத்தகம் என்னிடம் இருக்கிறது. அவருடைய பென்சில் வரியை நான் வெட்டவில்லை.