த்ரீ நாட் த்ரீயும் தங்கை கல்யாணமும்

தங்கையும் அந்தப் பையனும் வைட்ஃபீல்டில் ஒரே ஆபீஸ். கல்யாணம் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து தேதி பேசினால் போதும். அதனால் ஒரு வாரமாக அப்பாவிடம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தேன்: வருகிறவர்களிடம் துப்பாக்கியைப் பற்றி மட்டும் பேச வேண்டாம்.

அப்பா ஆயுதப்படை போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். பல வருஷம் அவர் தோளில் தொங்கியது த்ரீ நாட் த்ரீ என்கிற வெள்ளைக்காரன் காலத்து ராணுவத் துப்பாக்கி. ஒவ்வொரு தடவை சுட்ட பிறகும் தாழ்ப்பாள் மாதிரி இருக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். அதைவிட நல்ல துப்பாக்கியை உலகத்தில் எவனும் செய்யவில்லை என்பது அவர் கட்சி. ரசம் நன்றாக இருக்கிறது என்று சொன்னால்கூடப் பேச்சு எப்படியோ அங்கே போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த பிறகு பையனும் அவனுடைய அப்பா அம்மாவும் விவேக் நகரில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கூடத்துச் சுவரில் அப்பா துப்பாக்கியோடு நிற்கும் போட்டோ. கழற்றி வைக்கலாம் என்றேன், அம்மா விடவில்லை. பையனின் அப்பா பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். உட்காராமல் நேராக அந்தப் போட்டோவுக்குப் போனார். அவருடைய தகப்பனார் குடகில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தவராம். அவர் விட்டுப் போன பழைய ஜெர்மன் துப்பாக்கி ஒன்று லைசென்ஸோடு இவரிடம் இருக்கிறதாம்.

"த்ரீ நாட் த்ரீ தானே? நல்லதுதான். ஆனா ஜெர்மன்காரன் டிசைன் முன்னாடி இது நிக்காது சார்" என்றார்.

அப்பா காப்பியைக் கீழே வைத்தார்.

ஜெர்மன் துப்பாக்கியில் போல்ட் முன்பக்கம், தோட்டாவை ஒட்டியே பூட்டிக்கொள்ளும், அதனால் வெடிக்கும்போது ஆட்டம் இருக்காது என்றார் அவர். இங்கிலீஷ்காரனுடையது பின்பக்கம் பூட்டுவது, என்ன இருந்தாலும் பலம் குறைச்சல்தான். அதனால்தான் அதில் வேகம் என்றார் அப்பா. கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கினால் போதும், விரல் விசையை விட்டுத் தூரம் போகாது. அதோடு பத்துத் தோட்டா கொள்ளும், ஜெர்மன்காரனுக்கு ஐந்துதான். த்ரீ நாட் த்ரீ தோட்டாவுக்கு அடியில் விளிம்பு உண்டே, வரிசை மாறிப் போட்டால் சிக்கிக்கொள்ளுமே என்று அவர் கேட்டார். போடுகிறவன் ஒழுங்காகப் போட்டால் சிக்காது என்றார் அப்பா.

சாப்பிடலாமா என்று அம்மா கேட்டது யார் காதிலும் விழவில்லை. மட்டன் குழம்பில் ஆடை படிந்துகொண்டிருந்தது. தங்கை என்னைப் பார்த்தாள், நான் என்ன செய்ய முடியும்? பையனின் அம்மா மெதுவாக, "எங்க வீட்லயும் தினம் இதேதாம்மா" என்றார்.

அடுத்தது செய்முறை விளக்கம். உள்ளறைக் கதவின் தாழ்ப்பாளை வைத்துக் காட்டுகிறேன் என்று அப்பா எழுந்தார், பையனின் அப்பாவும் பின்னாலேயே போனார். கதவைச் சாத்திக்கொண்டு டக் டக்கென்று இழுத்துத் தள்ளினார்கள். பிறகு சத்தமே இல்லை.

"தாழ்ப்பாள் வளைஞ்சிருச்சு. தெறக்க வரல" என்று அப்பாவின் குரல் மட்டும் வந்தது.

பக்கத்துச் சந்துக்குப் போய் ஜன்னல் கம்பி வழியாக ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தேன். தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்தால் முடிந்தது வேலை. முன்னால் இருக்கிற ஸ்க்ரூவை முதலில் எடுக்க வேண்டும் என்றார் அவர். பின்னால் இருப்பதுதான் முதலில் என்றார் அப்பா. வெயிலில், சாக்கடை ஓரமாக, பட்டுப்புடவையோடு நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் மீண்டும் ஜெர்மனிக்குப் போக, அப்பா இங்கிலாந்துக்குப் போக, ஒரு ஸ்க்ரூவும் அசையவில்லை.

"ரெண்டு பேரும் வாயை மூடிட்டு ஏதாவது ஒரு ஸ்க்ரூவைக் கழட்டுங்க" என்று கத்திவிட்டேன்.

கத்திய பிறகுதான் யாரைப் பார்த்துக் கத்தினேன் என்று உறைத்தது. சம்பந்தம் இதோடு போச்சு என்று நினைத்தேன். உள்ளேயிருந்து பையனின் அப்பா அடக்கமாக, "சரிம்மா" என்றார்.

நான் திரும்பி வந்தபோது கூடத்தில் எல்லாம் முடிந்திருந்தது. ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை கல்யாணம், நிச்சயதார்த்தம் பையன் வீட்டில். அம்மாவும் பையனின் அம்மாவும் பேசி முடித்து, தங்கைக்கும் பையனுக்கும் பாயசம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தாழ்ப்பாளைக் கையில் பிடித்தபடி இருவரும் வெளியே வந்தார்கள், சட்டையெல்லாம் வியர்வை. அம்மா தேதியைச் சொன்னார். இருவரும் தலையாட்டினார்கள், யார் முடிவு செய்தது என்றுகூடக் கேட்கவில்லை. இலை போட்டு, ஆறிப்போன குழம்பைச் சூடாக்கி ஊற்றினேன். முதல் வாய் உள்ளே போனதும் அப்பா பக்கத்து இலையைப் பார்த்துக் கேட்டார்:

"அது சரி சம்பந்தி, ரஷ்யாக்காரன் துப்பாக்கியைப் பத்தி நீங்க என்ன நெனைக்கிறீங்க?"