டோக்கன் நம்பர் போட்ட சீட்டு

எங்கள் கேன்டீனில் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி தொங்குகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைத் திறப்பார்கள். சுற்றுவட்டாரத்தில் எந்த இல்லத்துக்கு, எந்தப் பள்ளிக்கு உதவலாம் என்று தொழிலாளர்கள் சீட்டு எழுதிப் போடுவதற்கான பெட்டி அது. பணமும் தொழிலாளர்களுடையதுதான். விருப்பப்பட்டவர்களின் சம்பளத்தில் மாதாமாதம் கொஞ்சம் பிடித்துச் சேர்ப்பார்கள். விருப்பம் என்பது படிவத்தில் இருக்கிற சொல். சூப்பர்வைசர் படிவத்தையும் பேனாவையும் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றால் யாருக்குத்தான் விருப்பம் வராது? "காசு நம்முது, பேனர் கம்பெனியோடது" என்று பேக்கிங் பெண்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்தவள்தான்.

ஒரகடத்தில் இருக்கும் அந்தக் கம்பெனியில் காருக்குள் ஓடும் வயர்க்கட்டுகள் செய்கிறோம். லைனின் கடைசி மேசை என்னுடையது. கிளிப் எல்லாம் இருக்கிறதா, டேப் சரியாகச் சுற்றியிருக்கிறதா என்று பார்த்து, தாளில் டிக் போட்டு, கீழே கம்பெனியில் எனக்குக் கொடுத்த டோக்கன் நம்பரை எழுதி அனுப்பவேண்டும். ஒரு ஷிப்டில் எத்தனை முறை அந்த நம்பரை எழுதுவேன் என்று நான் எண்ணியதில்லை. லீவு லெட்டரா, நம்பர். யூனிஃபார்ம் வாங்கினால், நம்பர். ஒருமுறை வீட்டு மளிகை லிஸ்டின் கீழேயும் எழுதிவிட்டேன். கடைக்காரர் அது எத்தனை கிலோ என்று கேட்டார்.

பெட்டியில் போடும் சீட்டுக்குப் பெயரும் வேண்டாம், நம்பரும் வேண்டாம். அந்தத் தைரியத்தில்தான் நான் எழுதினேன்.

எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். இந்த வாக்கியத்தை நான் யாரிடமும் சொல்வதில்லை. அவனுக்கு இருபத்து நாலு வயது, மனசுக்கு ஐந்து. அப்பா போன பிறகு அம்மாவால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை. வடக்குப்பட்டு தாண்டி சிஸ்டர்கள் நடத்தும் ஒரு இல்லத்தில் அவனைச் சேர்த்துவிட்டு, ஊரைக் காலி செய்து, ஸ்ரீபெரும்புதூரில் வாடகைக்கு வந்தோம். புதுத் தெருவில் யாருக்கும் அவனைத் தெரியாது. எனக்கு வரன் வந்தபோது, "எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டார்கள். "ஒரே பொண்ணு" என்றார் அம்மா. காபித் தட்டோடு நின்றிருந்த என்னை எல்லோரும் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். பொய் அம்மாவுடையது என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆடியது என் தலைதான்.

கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறது. குழந்தை இல்லை. இந்த நிலையில் தம்பி விஷயம் தெரிந்தால் என் மாமியார் வாயில் முதலில் என்ன வரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் மாதத்தில் ஒரு ஞாயிறு "அம்மா வூட்டுக்குப் போயிட்டு வரேன்" என்று கிளம்பி, அம்மாவையும் கூட்டிக்கொண்டு தம்பியைப் பார்த்துவிட்டு வருவேன். அவனுக்கு என் கம்பெனி டேக், அதாவது கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை மேல் ஆசை. நான் போனதும் "அக்கா!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்துவான். ஓடி வந்து என் கைப்பையிலிருந்து டேக்கை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வான். நான் கிளம்பும்வரை அவன்தான் டியூட்டியில் இருப்பான்.

அப்படிப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் சிஸ்டரின் கையைப் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் புண். இல்லத்தில் முப்பது பேர், அதில் பாதிப்பேர் படுக்கையை நனைப்பவர்கள். தினமும் அத்தனை பெட்ஷீட்டையும் சலவைச் சோடா போட்டுக் கையால் துவைக்கிறார்கள். நனைக்கிறவர்களில் என் தம்பியும் ஒருவன். எனக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் கேன்டீனில் சாப்பிட்ட கையோடு சீட்டு எழுதினேன். பெரிய வாஷிங் மெஷின் ஒன்று, ஆளுக்கு இரண்டு பெட்ஷீட், இல்லம் இருக்கும் இடம். எழுதி மடித்துப் போட்டுவிட்டு லைனுக்கு ஓடினேன்.

இரண்டு வாரம் கழித்து எச்.ஆரில் கூப்பிட்டார்கள். அங்கே இருக்கும் சார் என் சீட்டை மேசையில் வைத்திருந்தார். பெட்டியில் பாதிச் சீட்டு சிக்கன் வாரம் இரண்டு நாள் போடச் சொல்லித்தான் வந்ததாம்.

"இந்த நம்பர் உங்களுதுதானே?"

சீட்டின் கீழே, டிக் போடும் தாளில் எழுதுகிற அதே இடத்தில், என் நம்பர் இருந்தது. எழுதிய ஞாபகமே எனக்கு இல்லை. என் கையை அங்கேயே வெட்டிப் போடலாம் போல ஆத்திரம் வந்தது.

"உங்களுது ஓகே ஆயிடுச்சு. இவ்ளோ டீட்டெய்லா யாருமே எழுதல. அடிக்கடி போவீங்களோ?"

"இல்ல சார். பஸ்ல போறப்ப பாத்தேன்."

"பஸ்லேந்தே பெட்ஷீட் வரைக்கும் பாத்துட்டீங்களா! அதான் இன்ஸ்பெக்ஷன்ல வெச்சிருக்கோம்" என்று சிரித்தார். எழுதியவர் யார் என்று தெரிந்தால் அவர் கையால்தான் பொருளைக் கொடுக்கவேண்டும், அதுதான் வழக்கம் என்றார். நான் வேண்டாம் என்றேன். கூச்சப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் நான் பஸ் விட்டு இறங்குவதற்குள் செய்தி வீட்டுக்குப் போய்விட்டது. என் நாத்தனார், அதாவது வீட்டுக்காரரின் தங்கை, அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறாள். கூட வரும் ஆட்கள் பட்டியலில் தன் பெயரையும் கொடுத்துவிட்டிருந்தாள். "இன்னா அண்ணி, எங்கிட்டகூட சொல்லாம இம்மாம் பெரிய வேல பண்ணிக்கீறீங்க!" என்று கட்டிக்கொண்டாள். மாமியார் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் எனக்காகப் பரோட்டா வாங்கி வந்தார். எல்லோரும் சந்தோஷமாக இருந்த அந்த வீட்டில் நான் மட்டும் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

சிஸ்டருக்குப் போன் செய்து, அன்று யாரும் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லி, அந்த ஒரு நாள் மட்டும் அவனை உள்ளே வைத்திருக்க முடியுமா என்று கேட்டேன்.

"கதவ சாத்துனா தலையால முட்டுவாம்மா. உனக்குத் தெரியாதா?" என்றார் சிஸ்டர். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். நான் படுத்தாலும் நாத்தனார் போவாள். அவள் கழுத்தில் டேக்கைப் பார்த்தால் அவன் "அக்கா டேக்" என்று ஆரம்பித்துவிடுவான். என் பெயரைச் சொல்லுவான். அவனுக்கு என் பெயர் நன்றாகத் தெரியும். நான் போனாலும் மாட்டினேன், போகாவிட்டாலும் மாட்டினேன்.

கடைசியில் அந்த நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை போய், அவனுக்கு ஒரு ஆட்டம் சொல்லிக்கொடுத்தேன். அம்மா அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"நிறைய பேர் டேக் மாட்டிக்கினு வருவாங்க. நானும் வருவேன். அன்னிக்கி நான் மேடம். இன்னா சொல்லணும்?"

"அக்கா."

"மேடம். அக்கான்னு சொன்னா நான் அவுட்டு. அவுட்டானா அக்கா இங்க வரவே முடியாது. டேக்கயும் தொடக்கூடாது."

அவன் முகம் சின்னதாகிப்போனது. ஆட்டத்தில் அவுட் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும். இல்லத்தில் பந்து விளையாடும்போது அவன்தான் முதலில் அவுட்டாகி ஓரத்தில் உட்காருவான். பத்து முறை சொல்லவைத்தேன். சரியாகச் சொன்ன ஒவ்வொரு முறையும் ஒரு கடலை மிட்டாய் கொடுத்தேன். நாய்க்குட்டியைப் பழக்குவது மாதிரிதான் பழக்கினேன், வேறெப்படிச் சொல்வது.

அந்த நாள் வந்தது. கம்பெனி பஸ்ஸில் எல்லோருக்கும் ஒரே நிற டி-ஷர்ட். இல்லத்து வாசலில் பேனர் கட்டினார்கள். வாஷிங் மெஷினுக்கு ரிப்பன் கட்டி நான் வெட்டினேன். பிறகு பெட்ஷீட் கொடுக்க வரிசை நிற்கவைத்தார்கள். அவன் ஒன்பதாவதாக நின்றான். தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார்கள். என் பக்கத்தில் நாத்தனார் கட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொருவராக நகர நகர, அவனுக்கு முன்னால் இன்னும் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவன் என் முன்னால் வந்து நின்றான். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தான். டேக்கைத் தொடக்கூடாது அல்லவா. உதட்டை இறுக்கிக் கடித்திருந்தான். நான் பெட்ஷீட்டை நீட்டினேன். அவன் கையை முன்னால் கொண்டுவரவே இல்லை.

"வாங்கிக்கோ கண்ணு, மேடம் குடுக்கறாங்கல்ல" என்றாள் நாத்தனார்.

சட்டென்று வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, "தேங்ஸ் மேடம்" என்றான். சத்தமாக, தெளிவாக. எல்லோரும் கை தட்டினார்கள். போட்டோ எடுக்கிறவர் இன்னொரு முறை என்றார். இன்னொரு முறை கொடுத்தேன். இன்னொரு முறை சொன்னான். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். அன்று என்னை நானே வெறுத்த மாதிரி என்றைக்கும் வெறுத்ததில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நாத்தனார் அழுதாள். "அந்தப் பையன் மூஞ்சியே கண்ணுல நிக்குதுண்ணி. இப்டி ஒரு புள்ளைய கொண்டாந்து வுட்டுட்டு, எங்கியோ ஒரு குடும்பம் ஜாலியா சோறு துன்னுகினு கீது பாருங்க. அதுங்கள்லாம் மனுஷங்களா?" அவள் நல்லவள். ஒருவேளை ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் அவளே என்னோடு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்திருப்பாள். அன்று பஸ்ஸில் சொல்லியிருந்தால் நான் அந்த மனுஷங்களில் ஒருத்தி. ஜன்னலைப் பார்த்து, "ஆமாம்மா" என்றேன்.

அந்தப் போட்டோ இப்போது எங்கள் பிளான்ட்டில் வரும்போதும் போகும்போதும் பஞ்ச் அடிக்கும் மெஷினுக்கு மேலே மாட்டியிருக்கிறது. தினமும் இரண்டு முறை அதன் முன்னால் நிற்கிறேன். ஃபிரேம் போட்ட ஒன்றை வீட்டுக்கும் கொடுத்தார்கள். மாமியார் அதை ஷோகேஸில், எங்கள் கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். ஒரே பொண்ணு என்று சொல்லிக் கட்டிக்கொடுத்த வீட்டில் என் தம்பி இப்போது ஹாலிலேயே இருக்கிறான். வெள்ளிக்கிழமை தோறும் மாமியார் அவனையும் துடைக்கிறார். சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் போட்டோவில் நான் சிரிக்கிற சிரிப்பு கண்ணில் படுகிறது. இந்தச் சிரிப்புக்கு என்ன பதில் சொல்வேன்? வாயை மூடிக்கொள்கிறேன்.

மெஷின் நன்றாக ஓடுகிறது. சிஸ்டரின் கைப்புண் ஆறிவிட்டது. அதை நான் மறைக்கக்கூடாது.

போன ஞாயிற்றுக்கிழமையும் அம்மாவோடு போயிருந்தேன். அங்கே வேறு யாருமே இல்லை. அவன் முன்போல ஓடி வரவில்லை; தூணுக்குப் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அந்த நாளிலிருந்து அப்படித்தான் நிற்கிறான். நானே டேக்கை எடுத்து அவன் கழுத்தில் மாட்டப் போனேன். தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"ஆட்டம் முடிஞ்சிடுச்சுடா தங்கம். எப்பவோ முடிஞ்சிடுச்சு. அக்கா சொல்லு."

மாட்டேன் என்று தலையாட்டினான். என்னைக் காப்பாற்றுகிற மாதிரி, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னான்.

"சொன்னா நீ அவுட்டு. நீ வரணும் மேடம்."